இன்னும் போட்டு முடிக்காத சாலைகள்

கலிபோர்னியாவின் பிக் சர் கடற்கரையில், மட் கிரீக் என்னும் இடத்தில், 2017 மே 20 அன்று ஒரு மலைச்சரிவு மொத்தமாகப் பெயர்ந்து கடலுக்குள் இறங்கியது. ஒன்றாம் எண் நெடுஞ்சாலையில் சுமார் 400 மீட்டர் அந்த மண்ணுக்கு அடியில் போனது. முந்தைய நாள்வரை அலையடித்த இடத்தில் புதிதாக நிலம் முளைத்திருந்தது. பொறியாளர்கள் அந்த மண்ணை அள்ளிச் சாலையைத் தோண்டி எடுக்க முயலவில்லை. கீழே அள்ள அள்ள மேலிருந்து இன்னும் சரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். சரிந்து கிடந்த மண்ணின் மேலேயே கரை கட்டி, அலை அரிக்காதபடி அடிவாரத்தில் பெரும் பாறைகளை அடுக்கி, உச்சியிலிருந்து உருளும் கற்களைத் தடுக்க வலை விரித்து, 2018 ஜூலை 18 அன்று புதுச் சாலையைத் திறந்தார்கள். இன்று அந்த வழியே போகிறவர் ஒரு நிமிடத்துக்குள் அதைக் கடந்துவிடுவார். கடல் பக்கம் பார்த்துக்கொண்டே போனால், கடந்தது கூடத் தெரியாது.

எனக்கு நீண்ட தூரம் கார் ஓட்டுவது பிடிக்கும். பாலை, மலை, கடற்கரை மூன்றும் பிடிக்கும். அழகான சாலைப் பயணங்களைப் பற்றிப் படிக்கக் கிடைப்பதில் பெரும்பகுதி ஜன்னலுக்கு வெளியே தெரிவதைப் பற்றியது: சூரிய அஸ்தமனம், பனிச்சிகரம், நீலக்கடல். அவையெல்லாம் உண்மை, அவற்றுக்காகத்தான் கிளம்புகிறோம். ஆனால் ஓட்டிப் பழகப் பழக, என் கண் சக்கரத்துக்கு அடியில் இருப்பதன் மேல் போக ஆரம்பித்தது. இந்த இடத்தில் ஏன் வளைகிறது? அந்தப் பாலம் ஏன் இத்தனை நீளம்? இந்தத் தார் மட்டும் ஏன் புதிதாக இருக்கிறது? பதிலைத் தேடிப் போனால் கிடைத்தது ஒன்றுதான். உலகத்தின் மிக அழகான சாலைகள் எவையும் கட்டி முடிக்கப்பட்டவை அல்ல. அவற்றை ஒவ்வொரு நாளும் யாரோ மறுபடியும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அழகும் ஆபத்தும் அங்கே ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. எந்தச் சரிவு கண்ணைப் பறிக்கிறதோ, அதுதான் சாலையையும் பறிக்கிறது.

பாலையிலிருந்து தொடங்குகிறேன். பாலைச் சாலை எளிமையானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. சமவெளி, மழை இல்லை, நேராகக் கோடு போட்டால் போதும் என்று தோன்றும். ஆஸ்திரேலியாவின் நல்லார்போர் சமவெளியைக் கடக்கும் அயர் நெடுஞ்சாலையில், பல்லடோனியாவுக்கும் கைகுனாவுக்கும் இடையே 146.6 கிலோமீட்டருக்கு ஒரு வளைவுகூட இல்லை. அங்கே ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பதே பெரிய வேலை. கண் தூரத்தை அளக்கும் திறனை இழந்துவிடும். எதிரே வரும் லாரி கானல் நீருக்குள் மிதந்துகொண்டு, வருகிறதா நிற்கிறதா என்று தெரியாமல் நெடுநேரம் அப்படியே இருக்கும். தார் மேல் வெள்ளைப் பட்டைகள் வரைந்திருப்பதைப் பார்த்தால் அது பறக்கும் மருத்துவர் சேவையின் விமானம் இறங்கும் இடம். விபத்து நடந்தால் அந்தச் சாலையே ஓடுதளமாகும். அருகில் மருத்துவமனை இல்லாத நிலத்தில் ஒரு சாலை எத்தனை வேலை செய்ய வேண்டியிருக்கிறது பாருங்கள்.

நேர்கோடு எளிது என்ற எண்ணத்தை முற்றாக உடைப்பது சீனாவின் தக்லமக்கான் பாலைவனச் சாலை. தாரிம் படுகையின் எண்ணெய் வயல்களுக்காக 1995இல் போட்டு முடித்த நெடுஞ்சாலை அது. 522 கிலோமீட்டர் நீளம், அதில் சுமார் 446 கிலோமீட்டர் நகரும் மணல்மேடுகளுக்கு நடுவே. மணல்மேடு நகரும் என்றால், சாலை போட்ட மறுநாளே அது சாலையின் மேல் ஏறத் தொடங்கும். முதலில் நாணல் தட்டைகளைக் கட்டம் கட்டமாக மணலில் ஊன்றிக் காற்றின் வேகத்தைத் தரையருகே குறைத்தார்கள். நாணல் மக்கும், புதைந்து போகும். அதனால் பின்னர் உயிருள்ள வேலி போட்டார்கள். சாக்சால், தமரிஸ்க் போன்ற வறட்சியைத் தாங்கும் செடிகளைச் சாலையின் இரு பக்கமும் 436 கிலோமீட்டருக்கு நட்டார்கள். அங்கே நிலத்தடி நீர் உப்பு. அந்த உப்பு நீரையே சொட்டு நீராகப் பாய்ச்சினார்கள், அதைக் குடித்தும் பிழைக்கும் செடிகளைத் தேர்ந்தெடுத்து. ஏறக்குறைய நான்கு கிலோமீட்டருக்கு ஒரு கிணறு. ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு சிறு வீடு. அதில் ஒரு கணவன் மனைவி.

நான் அதிக நேரம் யோசித்தது அந்தத் தம்பதிகளைப் பற்றித்தான். வசந்தத்தில் வந்து, குளிர் தொடங்கும்வரை அங்கேயே இருந்து, காலையில் பம்பைப் போட்டு, குழாயில் எங்கே அடைப்பு என்று பார்த்துக்கொண்டு இரு திசையிலும் நடந்து, செத்த செடிக்குப் பதில் வேறொன்றை நட்டு நாளைக் கழிக்கிறார்கள். அடுத்த மனிதர்கள் நான்கு கிலோமீட்டர் தள்ளி, அடுத்த கிணற்றில். 2022இல் அந்தப் பம்புகளைச் சூரிய மின்சாரத்துக்கு மாற்றிவிட்டார்கள், டீசல் சத்தம் போயிற்று. ஆனாலும் குழாய் அடைபட்டால் கையால்தான் எடுக்க வேண்டும். சாலை என்றால் அதைப் போட்ட அரசாங்கத்தின் பெயரும் பொறியாளரின் பெயரும் எங்காவது பொறிக்கப்பட்டிருக்கும். நீர் விட்டவர்களின் பெயர் எங்கும் இருக்காது. அவர்கள் ஒரு பருவம் வராமல் போனால், அந்தப் பொறியியல் சாதனை மணலுக்கு அடியில் இருக்கும்.

நமீபியாவில் இதற்கு நேர்மாறான தந்திரம் ஒன்றைப் பார்க்கலாம். அங்கே பாலை நேராகக் கடலில் போய் முடிகிறது. பெங்குவேலா என்னும் குளிர்ந்த கடல் நீரோட்டத்தால் கரையோரம் மூடுபனி உருவாகி உள்நாடு நோக்கி வரும். மழை ஏறக்குறைய இல்லை, ஆனால் மூடுபனி உண்டு. சுவாகோப்மண்டுக்கு வடக்கே எலும்புக்கூட்டுக் கடற்கரைப் பக்கம் இதை வைத்தே சாலை போட்டிருக்கிறார்கள். ஜிப்சம் கலந்த மண்ணைப் பரப்பி, அதன் மேல் அடர்ந்த உப்பு நீரைத் தெளித்து அழுத்திவிட்டால், அது காய்ந்து தார்போல இறுகிவிடும். மூடுபனியின் ஈரம் அதை நொறுங்காமல் காக்கிறது. சாம்பல் நிறத்தில், பளபளவென்று, தார்ச்சாலை என்றே நினைத்துவிடுவோம். ஆனால் ஈரம் ஏறிய அதிகாலையில் அதன் மேல் பிரேக் போட்டால் வண்டி வழுக்கும். சாலையைக் காப்பாற்றும் அதே பனி ஓட்டுநருக்கு எமன். உப்புச் சாலையில் காலையில் மெதுவாகப் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லாமல் அங்கே ஓட்டிவிடக் கூடாது.

உள்நாட்டுக்குத் திரும்பினால் சரளைச் சாலைகள். இவற்றில் குறுக்கே அலை அலையாக மேடு பள்ளம் விழும். வண்டியில் உள்ள ஒவ்வொரு திருகாணியும் அதிரும். மழையோ மோசமான வேலையோ அதற்குக் காரணமில்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் எந்தச் சக்கரம் உருண்டாலும், தளர்ந்த மண்ணில் தானாகவே அலை உருவாகிவிடும். ஆய்வகத்தில் வட்ட மணல் படுகையில் சக்கரத்தைச் சுழலவிட்டு இதை நிரூபித்திருக்கிறார்கள். அதாவது அந்த அலைகளை உண்டாக்குவது நமக்கு முன்னால் போனவர்கள், நமக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு உண்டாக்குவது நாம். கிரேடர் இயந்திரம் வந்து சீவிவிட்டுப் போகும், மறுபடியும் நாம் உழுதுவிடுவோம். அந்தக் கிரேடர் எதிரே புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால் வேகத்தைக் குறைத்து ஒதுங்கி நிற்பதும் கையசைப்பதும் நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய காரியம். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து, மணிக்கு 80 கிலோமீட்டருக்குக் கீழே ஓட்டினால் வண்டியும் பிழைக்கும், சாலையும் கொஞ்சம் நாள் கூடப் பிழைக்கும். சுற்றுலா வந்தவர்களின் கார்கள் அங்கே கவிழ்வதற்கு எதிரே வந்த வாகனம் காரணமாக இருப்பது குறைவு. காலியான சாலை தரும் தைரியம்தான் கவிழ்க்கிறது.

மலைக்கு வருவோம். மலைச் சாலை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது காரகோரம்.

பாகிஸ்தானின் ஹசன் அப்தாலில் தொடங்கி, சிந்து நதியோடும் ஹுன்சா நதியோடும் ஏறி, 4,693 மீட்டர் உயரத்தில் குஞ்சராப் கணவாயைக் கடந்து சீனாவின் காஷ்கர் வரை போகும் 1,300 கிலோமீட்டர் அது. வழியில் நங்க பர்பத் தெரியும் இடம் இருக்கிறது. ராகாபோஷியின் 7,788 மீட்டர் உயரமும் சாலையோரத்தில் நின்றபடியே அடிவாரத்திலிருந்து உச்சிவரை ஒரே பார்வையில் விழும் இடம் இருக்கிறது. பாஸு பக்கம் வந்தால் கூம்பு கூம்பாக நிற்கும் சிகரங்கள். உலகத்தில் இதற்கு இணையான காட்சி வரிசை வேறு சாலைக்கு இல்லை என்று துணிந்து சொல்வேன். அதைப் போட்டபோது பாகிஸ்தான் தரப்பில் 800 பேருக்கு மேலும், சீனத் தரப்பில் ஏறக்குறைய 200 பேரும் இறந்தார்கள். பெரும்பாலும் மண்சரிவிலும், பள்ளத்தில் விழுந்தும். கில்கிட் அருகே அந்தச் சீனத் தொழிலாளர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அந்தச் சாலையில் போகிறவர்கள் அரைமணி நேரம் அங்கே நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

சாலை 1978இல் முடிந்தது என்று எழுதுவார்கள். 2010 ஜனவரி 4 அன்று அட்டாபாத் கிராமத்தின் மேல் மலை சரிந்து 20 பேர் இறந்தார்கள், ஹுன்சா நதி அடைபட்டது. நதி நிற்கவில்லை, தேங்கத் தொடங்கியது. மாதக்கணக்கில் நீர் ஏறி ஏறி, வீடுகளையும் வயல்களையும் நெடுஞ்சாலையையும் 20 கிலோமீட்டருக்கு மேல் மூழ்கடித்து ஏரியானது. அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மேல், அந்த நெடுஞ்சாலையில் வந்த லாரியும் காரும் மரப்படகில் ஏற்றப்பட்டு மறுகரையில் இறக்கப்பட்டன. ஒரு பன்னாட்டு நெடுஞ்சாலையின் நடுவே படகுத்துறை! 2015 செப்டம்பரில் சுரங்கப்பாதைகள் திறந்த பிறகுதான் படகு வேலை முடிந்தது. இன்று அட்டாபாத் ஏரியின் நீல நிறத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. அந்த நீலத்துக்கு அடியில் பழைய சாலை கிடக்கிறது. அது தெரிந்து பார்க்கும்போது ஏரியின் அழகு ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் அங்கே நின்று சிரித்துப் படம் எடுத்துக்கொள்ள எனக்குக் கை வராது.

ஆல்ப்ஸின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு வேறு வகையான அமைதி. 2,757 மீட்டர் உயரத்துக்குப் பிராட் பக்கமிருந்து 48 கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். கார்லோ டொனேகானி என்ற பொறியாளர் ஆஸ்திரியப் பேரரசுக்காக 1820இல் தொடங்கி 1825இல் முடித்தது. குதிரை இழுக்கும் வண்டி ஏறக்கூடிய சாய்வு எவ்வளவோ அவ்வளவுதான் அந்தச் சாலையின் சாய்வு. வளைவுகளின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது குதிரையின் மூச்சு என்று சொல்லலாம். அங்கே வழியில் 'கான்டோனியேரா' என்னும் பழைய கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. சாலைக் காவலர்கள் குடும்பத்தோடு தங்கி, பனியை ஒதுக்கி, விழுந்த கல்லை அகற்றி, வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த வீடுகள். தக்லமக்கானின் கிணற்று வீட்டுக்கும் இதற்கும் நடுவே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளும் பாதி உலகமும் இருக்கின்றன. வேலை ஒன்றுதான். ஸ்டெல்வியோவுக்குப் போகிறவர்கள் வளைவுகளை எண்ணுகிறார்கள். அந்த வீடுகளையும் எண்ணலாம்.

லடாக் போகும் மணாலி–லே பாதையிலும் இதே கதை, இன்னும் கடுமையாக. ஒவ்வொரு வசந்தத்திலும் பனியை வெட்டித்தான் அந்தச் சாலையை மறுபடி கண்டுபிடிக்கிறார்கள். 2020 அக்டோபரில் திறந்த ஒன்பது கிலோமீட்டர் அடல் சுரங்கம் ரோதங் கணவாயின் தொல்லையைத் தீர்த்தது. அதற்கு அப்பால் உள்ள பாரலாச்சா லா, தங்லங் லா என்னும் கணவாய்கள் திறந்தவெளியில்தான் கிடக்கின்றன. அங்கே 5,000 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில், துணியால் முகத்தைச் சுற்றிக்கொண்டு கல் உடைப்பவர்களில் பலர் ஜார்க்கண்டின் சந்தால் பர்கானாவிலிருந்து வந்தவர்கள். தாழ்ந்த நிலத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். நமக்கு அந்த உயரத்தில் தலை வலிக்கிறது என்று வண்டியை விட்டு இறங்க யோசிப்போம்.

மலையில் ஓட்டுவதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏறுவது வண்டிக்குக் கஷ்டம், இறங்குவது பிரேக்குக்குக் கஷ்டம். நீண்ட இறக்கத்தில் பிரேக் மேலேயே கால் வைத்திருந்தால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், வேகத்தை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும். இவ்வளவுதான், மற்றதைச் சாலையே கற்றுக்கொடுக்கும்.

கடற்கரைச் சாலைகள்தான் மூன்றிலும் ஏமாற்றக்கூடியவை என்பது என் எண்ணம். பாலையும் மலையும் தம் கடுமையை மறைப்பதில்லை. கடல் பார்க்க இதமாக இருக்கும், காற்று நன்றாக இருக்கும், அடியில் பாறை கரைந்துகொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஏறக்குறைய 3,000 வீரர்கள், இறந்துபோன தங்கள் தோழர்களின் நினைவாக, 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு வெட்டியது. நினைவுச் சின்னம் என்றால் கல்லில் எழுப்பித் தொலைவில் நின்று வணங்குவது என்றிருந்த காலத்தில், அவர்கள் மற்றவர் நடமாடும் வழியை நினைவுச் சின்னமாக்கினார்கள். உலகத்தின் மிகப் பெரிய போர் நினைவகம் அதுதான் என்பார்கள். எனக்கு அதைவிட மதிப்பான நினைவகமாகவும் தோன்றுகிறது. அதன் ஓரத்தில் கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புப் பாறைத் தூண்களுக்குப் பன்னிரண்டு அப்போஸ்தலர்கள் என்று பெயர். இருப்பதோ பன்னிரண்டுக்குக் குறைவு. 2005 ஜூலை 3 அன்று ஒன்று சில நொடிகளில் சரிந்து கற்குவியலானது. அதற்கு முன்பே, 1990 ஜனவரியில், பக்கத்தில் லண்டன் பிரிட்ஜ் என்றழைக்கப்பட்ட இயற்கைப் பாலத்தின் கரைப்பக்க வளைவு விழுந்து, மறுமுனையில் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டர் வந்து மீட்டது.

தென்னாப்பிரிக்காவின் சாப்மன்ஸ் பீக் சாலை 9 கிலோமீட்டர்தான், அதற்குள் 114 வளைவுகள். 1922இல் முடிந்த அது 2000இல் கல் விழுந்து மூடப்பட்டு, 2003 கடைசியில்தான் திறந்தது, மலையின் முகத்தில் வலைகளும் பாறையை உள்வாங்கிக் குடைந்த அரைச் சுரங்கமும் அமைத்த பிறகு. இன்றும் பெருமழை பெய்தால் மூடிவிடுகிறார்கள். கேட்டை மூடிவிட்டார்களே என்று அங்கே சலித்துக்கொள்ளும் பயணிகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மூடத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ளும் சாலையில்தான் நம்பி ஓட்டலாம்.

பிக் சருக்கே திரும்பிச் சொன்னால், மட் கிரீக் முதலும் அல்ல, கடைசியும் அல்ல. 1937இல் திறந்த அந்த வழியை வெட்டியதில் சிறைக்கைதிகளின் உழைப்பும் உண்டு. 2021 ஜனவரியில் ராட் கிரீக்கில், முந்தைய ஆண்டின் காட்டுத்தீயில் மொட்டையான மலை மழையில் இளகி வந்து சாலையின் ஒரு துண்டை அப்படியே கடலுக்கு எடுத்துச் சென்றது. 2023இலும் 2024இலும் வேறு வேறு இடங்களில் சரிவு. இதைப் படித்துவிட்டு அங்கே போக வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடாதீர்கள். போங்கள். வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள், அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் கடல் நம் பக்கத்திலேயே இருக்கும், நிறுத்தவும் குறுக்கே திரும்ப வேண்டியதில்லை. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இதை மாற்றிக் கணக்குப் போட வேண்டும். கிரேட் ஓஷன் ரோடில் டார்க்கீயிலிருந்து மேற்கே போவது அதனால்தான் நல்லது.

ஐஸ்லாந்தில் பாலையும் மலையும் கடலும் ஒன்றாகிவிடுகின்றன. கருமணல் வெளி, அதற்குப் பின்னால் பனிமலை, முன்னால் அட்லாண்டிக். நாட்டைச் சுற்றிவரும் வட்டச்சாலை 1974இல் முழுமையானது ஸ்கெய்தாரா ஆற்றின் மேல் 880 மீட்டர் பாலம் கட்டிய பிறகு. 1996இல் பனியாற்றுக்கு அடியில் எரிமலை வெடித்து, உருகிய நீர் பனிக்கட்டிகளை உருட்டிக்கொண்டு வந்து பாலங்களை முறித்தது. முறுக்கிக் கிடந்த இரும்பு உத்தரங்களைச் சாலையோரமே நினைவாக வைத்திருக்கிறார்கள். பாலத்தைச் சரிசெய்தார்கள். 2009இல் பனியாறு பின்வாங்கியதும் ஆறு தன் வழியை மாற்றிக்கொண்டு பக்கத்து ஆற்றோடு போய்ச் சேர்ந்தது. நாட்டின் மிக நீளமான அந்தப் பாலம் ஏறக்குறைய வறண்ட மணலின் மேல் நின்றது. 2017இல் அருகே ஒரு சிறு பாலம் போட்டுப் போக்குவரத்தை அதற்கு மாற்றினார்கள். ஆறு அடித்துப் போனாலும் கட்ட வேண்டும், ஆறே இல்லாமல் போனாலும் கட்ட வேண்டும்.

இப்படிப்பட்ட சாலைக்குப் போகத் திட்டமிடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: பார்க்க வேண்டிய இடங்களின் எண்ணிக்கையைக் குறைத்து, நாட்களைக் கூட்டுங்கள். ஒரு நாளுக்கு 300 கிலோமீட்டர் என்பது நெடுஞ்சாலைக் கணக்கு. மலையில் 150கூட அதிகம், சரளையில் 250 போனால் பொழுது சாயும். பாலையைக் காலையிலும் மாலையிலும் ஓட்டுங்கள், நடுப்பகலில் நிழல் இல்லாமல் மணல்மேடுகள் தட்டையாகிவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. இருட்டிய பிறகு ஓட்டாதீர்கள், விலங்குகள் குறுக்கே வரும். கிளம்பும் முன்பு சாலைத் துறையின் அறிவிப்பைப் பாருங்கள், மூடியிருந்தால் சுற்றுவழி எது என்று முதல்நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பச்சைக்கொடி காட்டும்வரை நிற்கச் சொல்லிக் கையில் பலகையோடு ஒருவர் நின்றால் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி, அங்கே என்ன வேலை நடக்கிறது என்று கேளுங்கள். எந்தக் கையேட்டிலும் இல்லாத விவரங்களை எனக்குச் சொன்னவர்கள் எல்லாரும் அப்படிப் பலகை பிடித்து நின்றவர்கள்.

அடுத்ததாக நான் போக நினைப்பது தக்லமக்கானுக்கு, கிணற்று வீடுகளுக்கு ஆட்கள் திரும்பியிருக்கும் பருவத்தில். லுன்தாயிலிருந்து தெற்கே மின்ஃபெங் வரை ஒரே பகலில் ஓட்டிவிடலாம் என்கிறார்கள். நான் அதை இரண்டு பகலாகப் பிரித்திருக்கிறேன்.